ஸ்லாப்பி ஜோ: சாஸ் ஓடாமல், பன் பிய்யாமல் அரை மணி நேரத்தில் செய்வது எப்படி?

வேலை முடிந்து வந்து அரை மணி நேரத்துக்குள் மாட்டுக் கொத்துக்கறி சாண்ட்விச் செய்ய வேண்டும். ஆனால் கறி சாம்பல் நிறமாகிவிடுகிறது, சாஸ் ஓடுகிறது, பன் கையிலேயே பிய்ந்துவிடுகிறது, சுவையும் வெறும் கெச்சப் இனிப்பாகவே நிற்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் மூன்று குறைகளுக்கும் காரணம் ஒன்றுதான்: சட்டியில் இருக்கும் நீர். எந்தப் பொருளை எப்போது போடுகிறோம் என்பது, அந்த நீர் எப்போது வெளியேறும் என்பதைத் தீர்மானிக்கிறது. வரிசையைச் சரிசெய்தால் அதே பொருள்கள், அதே நேரத்தில், வேறு சாப்பாடாகிவிடும். நான்காவது குறை சர்க்கரைக் கணக்கு; அதற்குப் பிறகு வருகிறேன்.

நீங்கள் செய்வது அமெரிக்க வீடுகளில் ஸ்லாப்பி ஜோ என்று சொல்லப்படும் வகை. உதிரியாக வறுத்த கொத்துக்கறியைத் தக்காளிச் சாஸில் சுண்டவைத்து வட்ட பன்னுக்குள் வைப்பது. இதற்கு மூத்த சொந்தம் ஒன்று உண்டு. அயோவா மாநிலத்தின் மஸ்கடைன் ஊரில் 1926இல் தொடங்கிய மெய்ட்-ரைட் கடையால் பெயர்பெற்ற உதிரிக்கறி சாண்ட்விச் அது. அதில் தக்காளியே கிடையாது. 1969இல் ஹன்ட்ஸ் நிறுவனம் மேன்விச் என்ற டின் சாஸைக் கொண்டுவந்த பிறகு, ஸ்லாப்பி ஜோ என்றாலே டின்னைத் திறந்து கறியில் கொட்டுவது என்று பல வீடுகளில் ஆகிவிட்டது. டின் சாஸால் மிச்சமாகும் நேரம் உண்மையில் மூன்று நான்கு நிமிடம்தான். கெச்சப்பும் கடுகுச் சாஸும் வீட்டில் இருக்கும்போது அதற்குத் தேவை இல்லை.

கறி வாங்கும்போது

அமெரிக்கக் கடைகளில் பாக்கெட்டின் மேல் 80/20, 85/15, 90/10 என்று போட்டிருக்கும். முதல் எண் கொழுப்பு நீங்கிய சதையின் விழுக்காடு, இரண்டாவது கொழுப்பு. வேறு நாடுகளில் கொழுப்பு விழுக்காடு மட்டும் இருக்கலாம். இந்தச் சாண்ட்விச்சுக்கு 85/15 பொருத்தம். 80/20 சுவையில் குறைந்ததல்ல, ஆனால் கொழுப்பை வடிக்கும் வேலை கூடுதல். வடிக்காமல் விட்டால் சாஸின் மேல் எண்ணெய் மிதக்கும், பன்னும் அதைக் குடித்துக்கொள்ளும். 93/7 போன்ற மிகக் கொழுப்பு குறைந்த கறி எளிதில் வறண்டு, மணல்போல் நாக்கில் நெருடும். அதுதான் கிடைத்தது என்றால் வறுக்கும்போது ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் கூடுதலாக விடுங்கள்.

பாக்கெட்டின் வெளிப்புறம் சிவப்பாகவும் உள்ளே சாம்பல் பழுப்பாகவும் இருந்தால் கெட்டுவிட்டது என்று தூக்கி எறியாதீர்கள். காற்று படாத இடத்தில் இறைச்சியின் நிறம் அப்படித்தான் இருக்கும். புளித்த வாடையும் பிசுபிசுப்பும்தான் கெட்டதன் அடையாளம். வாங்கிய கறியை ஃப்ரிட்ஜில் ஒன்றிரண்டு நாள்தான் வைக்கலாம். அதற்கு மேல் என்றால் ஃப்ரீசர்.

வார நாள் சமையலில் நேரத்தை விழுங்குவது பெரும்பாலும் உறைந்த கறியை இளக்குவதுதான். ஆகவே உறையவைக்கும்போதே யோசியுங்கள். 450 கிராம் கறியை ஜிப் பையில் போட்டு, ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனில் தட்டையாக அழுத்தி, காற்றை வெளியேற்றி உறையவையுங்கள். பந்தாக உறைந்த கறி இளகுவதற்கு ஆகும் நேரத்தில் ஒரு பகுதிதான் இந்தத் தட்டைக்கு ஆகும். காலையில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுப் போனால் மாலையில் தயார். மறந்துவிட்டால், தண்ணீர் புகாத பையோடு குளிர்ந்த நீரில் மூழ்கவையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். வெந்நீர் வேண்டாம். உள்ளே உறைந்திருக்கும்போதே வெளிப்புறம் கிருமி வளரும் சூட்டுக்கு வந்துவிடும். குளிர்நீரிலோ மைக்ரோவேவிலோ இளக்கிய கறியை உடனே சமைத்துவிட வேண்டும். சமைக்கும் முன் கறியைக் கழுவவும் வேண்டாம்: கொத்திய இறைச்சி நீரைப் பிடித்துக்கொள்ளும், சிங்க் முழுக்கக் கிருமியும் தெறிக்கும்.

அளவுகள்

நான்கு பெரிய பன்னுக்கு, அல்லது ஆறு சிறிய பன்னுக்கு:

மாட்டுக் கொத்துக்கறி (85/15) – 450 கிராம்
சமையல் சோடா – கால் டீஸ்பூன், ஒரு டேபிள்ஸ்பூன் நீரில் கரைத்தது (விருப்பம்)
எண்ணெய் – 1 டீஸ்பூன்
வெங்காயம் – நடுத்தரமாக 1, பொடியாக நறுக்கியது
பச்சைக் குடைமிளகாய் – பாதி, பொடியாக நறுக்கியது
பூண்டு – 2 பல், நசுக்கியது
தக்காளிப் பேஸ்ட் – 1 டேபிள்ஸ்பூன்
மிளகாய்த் தூள் – 1 டீஸ்பூன் (காரத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கலாம்)
கெச்சப் – அரை கப் (120 மில்லி)
இனிப்பில்லாத தக்காளி விழுது (அரைத்த தளர்வான தக்காளிக் கூழ், கெட்டிப் பேஸ்ட் அல்ல) – அரை கப்
வூஸ்டர் சாஸ் (Worcestershire sauce) – 1 டேபிள்ஸ்பூன்
கடுகுச் சாஸ் – 2 டீஸ்பூன்
ஆப்பிள் சைடர் வினிகர் – 2 டீஸ்பூன்
பழுப்புச் சர்க்கரை – 1 டீஸ்பூன், அதுவும் கடைசியில் ருசி பார்த்த பிறகு
தண்ணீர் – கால் கப்
உப்பு – அரை டீஸ்பூனில் தொடங்கி. மிளகுத் தூள் – அரை டீஸ்பூன்
பன் – 4, வெண்ணெய் – 1 டேபிள்ஸ்பூன்

பச்சைக் கறி 450 கிராம் வெந்ததும் ஏறக்குறைய கால் பங்கு எடை குறையும். ஆனாலும் காயும் சாஸும் சேர்ந்து ஒரு பெரிய பன்னுக்கு 150 கிராம் அளவுக்கு உள்ளீடு கிடைக்கும். ஒரு பன்னுக்கு அது போதும். அதற்கு மேல் வைத்தால் கடிக்கும்போது பின்பக்கம் பிதுங்கி விழும்.

சமையல் சோடாவைப் பற்றி ஒரு வார்த்தை. கறியின் மேல் தெளித்து, பிசறி, 15 நிமிடம் விட்டால் இறைச்சியின் அமிலத்தன்மை சற்றுக் குறையும். புரதங்கள் இறுக்கமாகச் சுருங்காது, ஆகவே சட்டியில் கறி விடும் நீர் குறையும், சிவப்பதும் வேகமாகும். கொழுப்பு குறைந்த கறிக்கு இது நன்றாகவே உதவும். கால் டீஸ்பூனைத் தாண்ட வேண்டாம், சவர்க்காரச் சுவை வந்துவிடும். வெங்காயமும் குடைமிளகாயும் நறுக்கிச் சாஸைக் கலந்து முடிப்பதற்குள் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகிவிடும் என்பதால் தனியாகக் காத்திருக்க வேண்டியதில்லை. எல்லாம் முன்பே நறுக்கி வைத்திருந்தால் சோடாவை விட்டுவிடுங்கள். அது இல்லாமலும் நன்றாக வரும்.

கறி சோடாவில் ஊறும்போதே ஒரு கிண்ணத்தில் கெச்சப், தக்காளி விழுது, வூஸ்டர் சாஸ், கடுகுச் சாஸ், வினிகர், தண்ணீர் எல்லாவற்றையும் கலந்து வைத்துவிடுங்கள். அடுப்பு பற்றிய பிறகு புட்டி புட்டியாகத் திறந்து அளந்துகொண்டிருந்தால் அதற்குள் பூண்டு கருகிவிடும்.

வறுப்பது: இங்கேதான் எல்லாம் இருக்கிறது

கறி சாம்பல் நிறமாக வெந்து ரப்பர் போலாவதற்குக் காரணம் இதுதான்: சட்டியில் நீர் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. இறைச்சி சிவந்து வறுபட்ட மணம் வருவதற்குக் கிட்டத்தட்ட 140 டிகிரியாவது வேண்டும். ஆகவே நீர் வற்றும்வரை கறி வேகும், வறுபடாது. சிறிய சட்டி, மந்தமான சூடு, ஓயாமல் கிளறுவது, கறியோடு வெங்காயத்தையும் சேர்த்தே போடுவது ஆகிய நான்கும் நீரைச் சட்டியிலேயே தேக்கிவைக்கின்றன. பல குறிப்புகளில் வெங்காயத்தையும் கறியையும் ஒன்றாகப் போடச் சொல்லியிருப்பார்கள். அது எனக்கு ஏற்பில்லை. வெங்காயம் தன் எடையில் பெரும்பகுதி நீர்தான். அது விடும் நீரில் கறி அவிந்து போகும்.

30 சென்டிமீட்டர் அகலமுள்ள இரும்பு அல்லது ஸ்டீல் சட்டியை எடுங்கள். நான்ஸ்டிக் என்றால் வெறும் சட்டியாக அதிகச் சூட்டில் காயவிடாதீர்கள். எண்ணெயோடு மிதமான தீயைவிடச் சற்றுக் கூட்டி வையுங்கள், சிவக்க இரண்டு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். நன்றாகப் பழக்கிய வார்ப்பிரும்புச் சட்டியில் தக்காளியைக் கால் மணி நேரம் கொதிக்கவிடலாம், ஒன்றும் ஆகாது. ஆனால் மிச்சத்தை அதிலேயே வைத்துவிடாதீர்கள். புளிப்பு, இரும்பின் மேல்பூச்சைத் தின்னும், சாஸிலும் இரும்பு வாடை ஏறும்.

சட்டி நன்றாகக் காய்ந்து எண்ணெய் நெளியும்போது கறியைப் போட்டு, கரண்டியால் அழுத்தி, ஒரே பெரிய அடைபோல் சட்டி முழுக்கப் பரப்புங்கள். பிறகு கையைக் கட்டிக்கொள்ளுங்கள். மூன்று முதல் நான்கு நிமிடம் தொடக்கூடாது. அடிப்பக்கம் காப்பிப்பொடி நிறத்துக்கு வந்ததும் நான்கைந்து துண்டாக்கித் திருப்பிப் போடுங்கள். இன்னொரு இரண்டு நிமிடம். அதன் பிறகுதான் உதிர்க்க வேண்டும். எல்லாப் பக்கமும் சிவக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு பக்கம் ஆழமாகச் சிவந்தாலே மொத்தச் சாஸுக்கும் அந்தச் சுவை ஏறிவிடும். எல்லாவற்றையும் சிவக்க வைக்கப் போனால் கறி வறண்டுவிடும்.

உதிர்ப்பதற்குக் கரண்டியைவிட உருளைக்கிழங்கு மசிக்கும் மத்து நல்லது. பட்டாணி அளவுக்கு மேல் ஒரு கட்டியும் இருக்கக்கூடாது. கட்டிகள் பன்னிலிருந்து உருண்டு விழும், பொடியான கறிதான் சாஸைப் பிடித்துக்கொண்டு பன்னில் நிற்கும். சாஸ் ஊற்றிய பிறகு உதிர்ப்பது கடினம், இப்போதே முடித்துவிடுங்கள்.

கொழுப்பை வடிக்கும் முன் சட்டியின் சத்தத்தைக் கேளுங்கள். களகளவென்று கொதிக்கும் சத்தமாக இருந்தால் உள்ளே இருப்பது கறியின் சாறு, அதை வடித்தால் சுவையை வடித்ததாகிவிடும். தீயைக் கூட்டி வற்றவிடுங்கள். சத்தம் மாறி, சுர்ரென்று பொரியும் ஒலி வந்ததும் மிஞ்சியிருப்பது கொழுப்பு. 85/15 கறியில் அநேகமாக வடிக்கவே வேண்டியிருக்காது. 80/20 என்றால் சட்டியைச் சாய்த்து, ஒரு டேபிள்ஸ்பூன் அளவு விட்டுவிட்டு மிச்சத்தைக் கரண்டியால் எடுத்து ஒரு பழைய டின்னில் ஊற்றுங்கள். சிங்க்கில் ஊற்றினால் குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

காயும் சாஸும்

கறியை ஓரமாக ஒதுக்கி, நடுவில் வெங்காயமும் குடைமிளகாயும் போட்டு, உப்பில் பாதியைத் தூவி நான்கு நிமிடம் வதக்குங்கள். அவை விடும் ஈரத்தில் சட்டியின் அடியில் பிடித்திருக்கும் பழுப்புப் படலம் இளகும். அதைச் சுரண்டி எடுத்துக் கலந்துகொள்ளுங்கள், சாஸுக்கு அதைவிட நல்ல சுவைப்பொருள் கிடையாது. படலம் கருப்பாகிக் கசப்பு வாடை அடித்தால் மட்டும் சுரண்டாதீர்கள், கறியை வேறு சட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

அடுத்து பூண்டு, மிளகாய்த் தூள், மிளகுத் தூள், தக்காளிப் பேஸ்ட். பேஸ்டைக் கொழுப்பில் ஒரு நிமிடம் வதக்குவதைத் தவறவிடாதீர்கள். பளீரென்ற சிவப்பு செங்கல் நிறமாக மாறும். டின்னின் பச்சை வாடை போய் ஆழமான சுவை வரும். கலந்து வைத்த சாஸை இப்போதுதான் ஊற்ற வேண்டும். கெச்சப்பை இதற்கு முன்பே, சட்டி சுட்டுக்கொண்டிருக்கும்போது போட்டால் அதன் சர்க்கரை அடியில் கருகும்.

ஒரு கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடாமல் எட்டிலிருந்து பத்து நிமிடம் சுண்டவிடுங்கள். மூடி போட்டால் ஆவி திரும்பச் சட்டியிலேயே விழும், மறுபடி தண்ணீர்ச் சாஸ்தான். பதம் பார்க்கக் கரண்டியால் சட்டியின் நடுவே ஒரு கோடு இழுங்கள். கோட்டின் இரு கரையும் ஒன்றிரண்டு நொடி அப்படியே நின்று, பிறகு மெல்ல நெருங்கி வர வேண்டும். உடனே மூடிக்கொண்டால் இன்னும் இரண்டு நிமிடம். மூடவே இல்லை, எண்ணெய் பிரிந்து நிற்கிறது என்றால் அதிகம் சுண்டிவிட்டது; இரண்டு டேபிள்ஸ்பூன் வெந்நீர் விட்டால் சரியாகும். அடுப்பை அணைத்து மூன்று நிமிடம் விட்டால் இன்னும் கொஞ்சம் கெட்டியாகும், அதையும் கணக்கில் வையுங்கள்.

அவசரத்தில் சோளமாவு கரைத்து ஊற்றிக் கெட்டியாக்கலாமா என்றால், முடியும். ஆனால் பளபளவென்று வழுக்கும் தன்மை வந்து தக்காளியின் சுவை மங்கும். அதைவிட, சாஸ் ஊற்றும் முன் கறியின் மேல் ஒரு டீஸ்பூன் கோதுமை மாவோ மைதாவோ தூவி அரை நிமிடம் வதக்குவது மேல். சுண்டவைக்க நேரம் இருந்தால் இரண்டுமே வேண்டாம்.

கறி வெந்துவிட்டதா என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கொத்துக்கறி உள்ளே 71 டிகிரி செல்சியஸ், அதாவது 160 டிகிரி ஃபாரன்ஹீட் தொட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் விதி. முழுத் துண்டு இறைச்சியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். கொத்தும்போது அது உள்ளே முழுக்கக் கலந்துவிடுவதால்தான் ஸ்டேக்கைவிடக் கண்டிப்பான விதி. பொடியாக உதிர்த்து, பத்து நிமிடம் கொதிக்கும் சாஸில் கிடக்கும் கறி அந்தச் சூட்டை எப்போதோ தாண்டியிருக்கும். பெரிய கட்டிகளை விட்டுவைத்தால்தான் பயம்.

கெச்சப் இனிப்பு

சாதாரணக் கெச்சப்பில் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு சர்க்கரை. அரை கப் ஊற்றினால் சுமார் 30 கிராம் சர்க்கரை உள்ளே போய்விடுகிறது. பல குறிப்புகளில் இதற்கு மேலும் இரண்டு டேபிள்ஸ்பூன் பழுப்புச் சர்க்கரை போடச் சொல்வார்கள். அது இன்னொரு 25 கிராம். நீங்கள் சொன்ன குறை அங்கிருந்துதான் வருகிறது. மேலே உள்ள அளவில் பாதி கெச்சப்பும் பாதி இனிப்பில்லாத தக்காளி விழுதும் இருப்பது அதனால்தான். முழுக்க விழுதாகவே போட்டுவிடலாமே என்று தோன்றலாம். அப்படிச் செய்தால் தக்காளிச் சாஸில் கறி போட்ட சுவை வரும், ஸ்லாப்பி ஜோவின் புளிப்பும் இனிப்பும் கலந்த குணம் போய்விடும். கெச்சப் கொஞ்சமாவது வேண்டும்.

சர்க்கரை, மிச்ச உப்பு, கூடுதல் வினிகர் மூன்றையும் கடைசி இரண்டு நிமிடத்தில் ருசி பார்த்துச் சேருங்கள். கெச்சப், வூஸ்டர் சாஸ், கடுகுச் சாஸ் மூன்றிலும் ஏற்கெனவே உப்பு உண்டு. சுண்டச் சுண்ட அது கூடும். முதலிலேயே உப்பைச் சரியாகப் போட்டுவிட்டால் முடிவில் கரிக்கும். இனிப்பு தூக்கலாகிவிட்டால் முதலில் ஒரு டீஸ்பூன் வினிகர், பிறகும் போதாவிட்டால் கொஞ்சம் கடுகுச் சாஸ். புளிப்பு தூக்கல் என்றால்தான் சர்க்கரை. எதுவுமே தூக்கலாக இல்லை, ஆனால் சப்பென்று இருக்கிறது என்றால் பெரும்பாலும் குறைவது உப்பு. ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள், அல்லது இன்னொரு டீஸ்பூன் வூஸ்டர் சாஸ்.

வூஸ்டர் சாஸ் இல்லாவிட்டால் ஒரு டீஸ்பூன் சோயா சாஸும் அரை டீஸ்பூன் வினிகரும். மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் புட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிடுங்கள், பெரும்பாலான வூஸ்டர் சாஸில் நெத்திலி வகை மீன் இருக்கிறது.

பன்

எவ்வளவு நல்ல சாஸாக இருந்தாலும், வாட்டாத பன்னில் வைத்தால் ஐந்து நிமிடத்தில் கூழாகிவிடும். கறி சுண்டிக்கொண்டிருக்கும்போதே பன்னைப் பிளந்து, வெட்டிய பக்கத்தில் மெல்ல வெண்ணெய் தடவி, மிதமான தீயில் இன்னொரு சட்டியில் கவிழ்த்து ஒன்றிரண்டு நிமிடம் வையுங்கள். பொன்னிறமாக மொறுமொறுப்பான ஒரு தோல் உண்டாக வேண்டும். அந்தத் தோலும் வெண்ணெயும் சேர்ந்துதான் ஈரத்தைத் தடுக்கின்றன. டோஸ்டரில் வாட்டினால் இருபுறமும் காய்ந்து பன் உடையும், வெளிப்புறம் மென்மையாக இருப்பதுதான் பிடித்துச் சாப்பிட வசதி.

உருளைக்கிழங்கு மாவு கலந்த பன்னும், முட்டையும் வெண்ணெயும் சேர்த்துச் செய்யும் பிரியோஷ் பன்னும் நன்றாகத் தாங்கும். பிரியோஷ் இனிப்பானது என்பதால் அன்று சாஸில் சர்க்கரையே வேண்டாம். பஞ்சுபோல் இருக்கும் மலிவான பர்கர் பன்தான் இருக்கிறது என்றால், கீழ்த் துண்டில் ஒரு சீஸ் ஸ்லைஸை வைத்து அதன் மேல் சூடான கறியை வையுங்கள். சீஸ் உருகி ஒரு படலமாகிவிடும். சீஸைக் கறிக்கு மேல் வைப்பதுதான் வழக்கம், ஆனால் பன்னைக் காப்பாற்றுவது கீழே இருக்கும் சீஸ்தான். மொறுமொறுப்பான ஓடுள்ள ரொட்டியைத் தவிர்த்துவிடுங்கள். அதைக் கடிக்க அழுத்தும்போது உள்ளே இருப்பதெல்லாம் பக்கவாட்டில் வெளியேறும்.

பன்னில் வைப்பது மேசைக்குப் போகும் நொடியில்தான். யாராவது தாமதமாக வருவார்கள் என்றால் கறியைச் சட்டியிலும் பன்னைத் தனியாகவும் விட்டுவையுங்கள். சாஸின் இனிப்புக்கு எதிராகப் புளிப்பான ஊறுவெள்ளரி இரண்டு வில்லைகள் உள்ளே இருந்தால் சாப்பாடு முழுமையாகும். பக்கத்தில் முட்டைக்கோஸ் சாலடோ வறுத்த உருளைக்கிழங்கோ.

தக்காளி வேண்டாம் என்பவர்களுக்கு

முதலில் சொன்ன உதிரிக்கறி வகையை இதே நேரத்தில் செய்யலாம். இதில் கறி ஆழமாகச் சிவக்க வேண்டியதில்லை, பஞ்சாக இருப்பதுதான் அழகு. ஆகவே நடுத்தரத் தீயில் 450 கிராம் கறியையும் ஒரு பொடியாக நறுக்கிய வெங்காயத்தையும் ஒன்றாகவே போட்டு, மிக நுண்ணியதாக உதிர்த்து, அரை கப் மாட்டெலும்புச் சாறு அல்லது தண்ணீர், இரண்டு டீஸ்பூன் வூஸ்டர் சாஸ், ஒரு டீஸ்பூன் கடுகுச் சாஸ், உப்பு, மிளகு சேர்த்து 12 நிமிடம் மிதமாகக் கொதிக்கவிடுங்கள். நீர் வற்றி, கறி மட்டும் பளபளப்பாக ஈரமாக இருக்கும்போது இறக்க வேண்டும். இதைப் பன்னில் வைக்கும் முன் துளைக்கரண்டியால் அள்ளி ஒரு நொடி வடியவிடுங்கள். இந்தப் பன்னை வாட்டாமல் ஆவியில் காட்டி மென்மையாகக் கொடுப்பதும் உண்டு. மேலே கடுகுச் சாஸ், ஊறுவெள்ளரி, வதக்காத வெங்காயம். உதிர்ந்து விழுவதை அள்ள ஒரு ஸ்பூனும் வையுங்கள்.

எட்டுப் பேருக்குச் செய்யும்போது

இரட்டிப்பு அளவில் செய்யும்போது மட்டும் சாஸ் மறுபடி தண்ணீராகிவிடுவது பலருக்கும் நடக்கிறது. ஆவியாகும் வேகம் சட்டியின் அகலத்தைப் பொறுத்தது, சட்டியோ அதேதான். எனவே 900 கிராம் கறிக்குத் தண்ணீரை இரட்டிக்காதீர்கள், அதே கால் கப் போதும். கறியை இரண்டு தடவையாக வறுங்கள். நேரம் இல்லை என்றால் பாதிக் கறியை மட்டும் நன்றாகச் சிவக்க வறுத்துவிட்டு, மீதியை அதன் மேல் போட்டு உதிர்த்து வேகவிடுங்கள். சிவந்த பாதி சுவையைக் கொடுக்கும், சிவக்காத பாதி மென்மையாக நிற்கும். ஸ்லோ குக்கரில் செய்ய நினைத்தாலும் கறியை முதலில் சட்டியில் வறுத்தே ஆக வேண்டும். அதில் நீர் அவ்வளவாக ஆவியாகாது என்பதால் தண்ணீரை முழுக்க விட்டுவிடுங்கள்.

மாட்டுக்குப் பதில் வான்கோழிக் கொத்துக்கறி என்றால் எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன், வேக வேண்டிய சூடு 74 டிகிரி செல்சியஸ். பொடியாக நறுக்கிய காளானைக் கறியின் எடையில் கால் பங்கு சேர்த்தால் வறட்சி தெரியாது. ஆனால் காளானைத் தனியாக வறுத்து நீரை முழுக்க வற்றவிட்ட பிறகே சேர்க்க வேண்டும்.

மிச்சம்

சமைத்த கறியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். ஆழமான பாத்திரத்தில் மொத்தமாக வைத்தால் நடுவில் ஆற நேரமாகும், அகலமான டப்பாவில் பரப்பி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மூன்று நான்கு நாள் இருக்கும். மறுநாள் சுவை கூடும் என்பதால் ஞாயிற்றுக்கிழமையே செய்து வைத்துக்கொண்டு, வார நாளில் பன்னை மட்டும் வாட்டினால் பத்து நிமிடச் சாப்பாடு. ஃப்ரீசரில் தட்டையாக உறையவைத்தால் மூன்று மாதம் வரை சுவை கெடாது.

மறுபடி சூடாக்கும்போது சாஸ் இறுகியிருக்கும். ஒரு பன் அளவுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீர் விட்டு, சட்டியில் மூடிபோட்டு ஆவி வரும்வரை, அதாவது 74 டிகிரிக்குச் சூடாக்குங்கள். சூடானதும் அரை டீஸ்பூன் வினிகர் விட்டால், ஃப்ரிட்ஜில் மங்கிப்போன புளிப்பு திரும்பி வரும். பன் தீர்ந்துவிட்டால் சுட்ட உருளைக்கிழங்கைப் பிளந்து அதில் போடலாம், வேகவைத்த பாஸ்தாவில் கலக்கலாம், குடைமிளகாய்க்குள் அடைத்து 190 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓவனில் அரை மணி நேரம் வைக்கலாம்.